பின்னால் நிற்பவர்கள்

2018 பிப்ரவரியில் எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவுக்கு இரண்டு வீடியோக்கள் வந்தன. முதல் வீடியோவில் ஒருவர் தன் பிறந்தநாள் கேக்கை அரிவாளால் வெட்டுகிறார். சுற்றிலும் கூட்டம், ஆரவாரம். ஒரு வாரம் கழித்து வந்த இரண்டாவது வீடியோவில் அதே மனிதர் போலீஸ் பிடியில் இருந்தபடி பேசுகிறார். தான் அப்படியொன்றும் பெரிய ரவுடி இல்லை, சர்க்கரை வியாதிக்காரன், மன்னித்துவிடுங்கள் என்கிறார்.

செய்தி படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் மலையம்பாக்கத்தில் நடந்த பிறந்தநாள் விழா அது. பிப்ரவரி 6 ராத்திரி போலீஸ் சுற்றி வளைத்து, ஏறக்குறைய எழுபது பேரை ஒரே இடத்தில் பிடித்தது. பிறந்தநாள்காரரான பினு தப்பித்துப் போய், சில நாளில் அம்பத்தூர் துணை ஆணையர் அலுவலகத்தில் சரணடைந்தார். நான் வளர்ந்தது அம்பத்தூரில். எங்க ஏரியா பேர் தேசிய செய்தியில் வந்த சந்தோஷத்தில், இரண்டு வீடியோவையும் சேர்த்து, கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை போட்டு, என் பள்ளிக்கூட நண்பன் ஒருவனுக்கு அனுப்பினேன்.

அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து போன் பண்ணினான். "அந்த ஆளு இனிமே ரோட்டுல எப்படிடா நடப்பாரு?" என்று கேட்டான்.

நான் போலீஸைப் பற்றிக் கேட்கிறான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருஷமும், சில புத்தகமும், ஏற்கெனவே பார்த்த நாலைந்து தமிழ்ப் படங்களை மறுபடி பார்க்கிற பொறுமையும் தேவைப்பட்டன.

*

நம் ரவுடிப் படங்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: ஒருத்தன் எப்படி ரவுடி ஆகிறான்? வறுமை, துரோகம், அரசியல்வாதி, போலீஸ் என்று பதில்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். இவையெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஏன் அந்தக் குறிப்பிட்ட நாளில், அந்தக் குறிப்பிட்ட ஆளின் மேல் கத்தி விழுந்தது என்பதற்கு இவற்றில் பதில் இல்லை. வறுமை எல்லா நாளும் இருக்கிறது. சம்பவம் ஒரு நாள்தான் நடக்கிறது.

'புதுப்பேட்டை'யைப் (2006) பாருங்கள். செல்வராகவனின் கொக்கி குமார் வீரத்தில் யாரையும் அடிப்பதில்லை. உயிர்ப்பயத்தில் கை கால் உதறுகிறான், எதிராளி செத்துப்போகிறான். மறுநாள் அந்த உதறலுக்கு ஊர் ஒரு அர்த்தம் கொடுக்கிறது. அவனுக்கே தெரியாத ஒரு குமார் அவனுக்கு முன்னால் தெருவில் நடக்க ஆரம்பித்துவிடுகிறான். மீதிப் படம் முழுக்க நிஜ குமார் அந்தக் குமாரைத் துரத்திப் பிடிக்க ஓடுவதுதான். பேர் முதலில் வந்தது, ஆள் பிறகு வந்தான். தமிழ்ப் படங்களில் இதை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த படம் இன்னொன்று இல்லை என்று நினைக்கிறேன்.

பேர் எதற்கு உதவும்? இத்தாலியச் சமூகவியலாளர் தியேகோ கம்பெட்டா குற்ற உலகின் சமிக்ஞைகளைப் பற்றி 2009இல் ஒரு புத்தகம் எழுதினார். அதை என் பாஷையில் சொன்னால் இப்படி வரும்: பேர் என்பது கத்தியை எடுக்காமல் இருப்பதற்கான வசதி. பேர் உள்ளவன் கடைக்குள் நுழைந்தால் மாமூல் தானாக வரும். பேர் இல்லாதவன் ஒவ்வொரு தடவையும் பொருளைக் காட்ட வேண்டும். 'பாட்ஷா'வின் (1995) இரண்டாம் பாதி முழுக்க இந்த வசதியில்தான் ஓடுகிறது. அங்கே ஒரு பேர் நூறு அடியாள் வேலையைச் செய்கிறது.

ஆனால் இந்த வசதியில் ஒரு கோளாறு இருக்கிறது. பேர் நம்மிடம் இருப்பதில்லை. அது அடுத்தவன் மண்டைக்குள் இருக்கிறது. என் பேங்க் பேலன்ஸை நான் ராத்திரி எழுந்து சரிபார்க்கலாம். என் கெத்து எவ்வளவு என்று நான் தனியாகப் பார்க்க முடியாது. யாராவது ஒருத்தர் என்னை மதிக்காமல் போகும்போதுதான் அது குறைந்திருப்பது தெரியும். அதற்குள் அதை நாலு பேர் பார்த்திருப்பார்கள்.

*

அந்த நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2004 வாக்கில், நாங்கள் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தபோது, எஸ்டேட் பக்கம் ஒரு காலி இடத்தில் கிரிக்கெட் ஆடுவோம். பக்கத்துத் தெரு டீமோடு பத்து ரூபாய் பெட் மேட்ச். ஒரு ரன் அவுட் தகராறில் அந்த டீம் பையன் ஒருவன் இவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். இவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். நிஜமாகவே அவனுக்குப் பெரிய கோபம் எதுவும் இல்லை. பந்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

நாங்கள் ஆறேழு பேர் நின்றோம். "என்னடா, அறைஞ்சிட்டான், சும்மா விட்டுட்டு வர்ற?" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்.

சாயந்திரம் அவன் ஸ்டம்பை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போனான். அந்தப் பையனுக்கு மண்டையில் ஏழு தையல். அன்றிலிருந்து இவன் பேருக்கு முன்னால் 'ஸ்டம்பு' என்று ஒரு பேர் ஒட்டிக்கொண்டது. எங்களுக்கெல்லாம் பெருமை. எங்க தெருவுக்கும் ஒரு ஆள் வந்தாச்சு. நான் என் பேருக்குப் பின்னால் பி.இ. போட காஞ்சிபுரம் பக்கம் ஒரு காலேஜுக்குப் போய்விட்டேன். அவன் பேருக்கு முன்னால் இருந்த பட்டத்தைக் காப்பாற்ற ஊரிலேயே இருந்தான்.

மூன்று வருஷத்தில் அவனைவிட இரண்டு வயது சின்னப் பையன் ஒருவன் அவன் கையை வெட்டினான். இருவருக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. 'ஸ்டம்பை வெட்டினவன்' என்ற பேர் அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். இன்றைக்கும் என் நண்பனின் வலது கையில் இரண்டு விரல் மடங்காது.

*

ரோஜர் கூல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரின் கடைசிப் புத்தகம் அவர் இறந்த பிறகு 2003இல் வெளிவந்தது. அதன் மையக் கருத்து எளிமையானது. யார் மேல், யார் கீழ் என்று தெளிவாகத் தெரிகிற இடத்தில் சண்டை குறைவு. முதலாளியும் வேலைக்காரனும் அடிக்கடி வெட்டிக்கொள்வதில்லை. சண்டை வருவது சமமானவர்களுக்கிடையே, வரிசை குழம்பிக் கிடக்கிற இடத்தில். அதனால்தான் காரணம் இவ்வளவு அற்பமாக இருக்கிறது: ஒரு பார்வை, ஒரு ரன் அவுட், யார் முதலில் வழி விடுவது என்ற கேள்வி. வெளியில் இருப்பவனுக்கு அற்பம். வரிசையில் நிற்பவனுக்கு அந்த நொடியில் முடிவாவது அவன் இடம்.

இந்தக் கண்ணோடு 'வட சென்னை'யை (2018) மறுபடி பார்த்தேன். ராஜன் உயிரோடு இருக்கும்வரை குணாவும் செந்திலும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். மேலே ஒருத்தன் இருக்கிறான், இவர்கள் இருவரும் அவனுக்குக் கீழே. ஊர் முன்னால் பட்ட அவமானத்துக்காக அவனைக் கொன்ற பிறகுதான் சிக்கல். மேலே இருந்த நாற்காலி காலி, கீழே சமமாக இருவர். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் ஓடுகிற பகைக்குக் கொள்கையும் இல்லை, பெரிய சொத்துத் தகராறும் இல்லை. ராஜனுக்கு அடுத்தது யார் என்ற ஒரே கேள்வி. சிறைக்குள் கேரம் போட்டி நடக்கிற இடத்தில் அன்பு செந்தில் மேல் பாய்வதை வெற்றிமாறன் தனி அறையில் வைக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் வைத்திருக்கிறார். அது ரொம்பச் சரி.

பணம்தான் காரணம், நிலம்தான் காரணம் என்று இன்னும் சொல்பவர்களை ஒரு நாள் காலையில் அம்பத்தூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவேன். திருத்தணி, அரக்கோணம் பக்கத்திலிருந்து ஆவடி, அம்பத்தூர் வழியாக சென்ட்ரல் போகிற ரயில்களில் காலேஜ் பையன்கள் தாளம் தட்டிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு 'ரூட்டு தல'. அதில் ஒரு பைசா வருமானம் கிடையாது. மூன்று வருஷத்தில் டிகிரி முடிந்தால் பதவியும் முடிந்தது. ஆனாலும் 2019 ஜூலையில் அரும்பாக்கம் பக்கம் பட்டப்பகலில் பஸ்ஸுக்குள் பட்டாக்கத்தி எடுத்தார்கள். 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ட்ரல் பக்கத்தில் வேறு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டு, சில நாளில் இறந்துபோனார். அவர் தினமும் வந்துபோனதும் இந்த ரயில் பாதையில்தான். பணம், நிலம், அரசியல் எல்லாவற்றையும் கழித்துவிட்டாலும் கொலை மிஞ்சுகிறது என்றால், மிஞ்சி நிற்பது என்ன? வரிசை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள்.

*

இந்த இடத்தில் ஒரு ஆபத்து உண்டு. "அந்தப் பசங்களுக்கு மானம் ஜாஸ்தி, நமக்கெல்லாம் பக்குவம் ஜாஸ்தி" என்று நாம் நம் முதுகைத் தட்டிக்கொள்ளலாம். எலைஜா ஆண்டர்சன் பிலடெல்பியா தெருக்களில் பல வருஷம் ஆராய்ந்து 1999இல் எழுதிய புத்தகம் இதற்கு நல்ல மருந்து. போலீஸ் தனக்காக வராது என்று நம்புகிற இடத்தில், மரியாதைதான் ஒருவனுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு என்கிறார் அவர். ஒரு தடவை சும்மா விட்டால், நாளைக்கு எல்லாரும் கை வைப்பார்கள்.

என் மேனேஜர் மீட்டிங்கில் என்னை அவமானப்படுத்தினால் எனக்கு ஹெச்.ஆர். இருக்கிறது, எஸ்கலேஷன் மெயில் இருக்கிறது, வேறு கம்பெனி இருக்கிறது. என் மானத்தை நான் அவுட்சோர்ஸ் பண்ணியிருக்கிறேன். அதைப் பக்குவம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

எங்க அப்பா தலைமுறைக்கு எங்க பக்கம் அடைமொழி கொடுத்தது கம்பெனிகள். 'டன்லப்காரர்', 'டி.ஐ. சைக்கிள்காரர்', ஆவடிப் பக்கம் என்றால் 'எச்.வி.எஃப்.காரர்'. அந்த ஒரு சொல்லுக்குக் கடையில் கடன் கிடைத்தது, பெண் கிடைத்தது, தெருவில் வழி கிடைத்தது. டன்லப் மூடியாச்சு. இன்றைக்கு எஸ்டேட்டில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிற பையனை அந்தக் கம்பெனி பேரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ஆறு மாதத்தில் அவன் வேறு கம்பெனியில் இருப்பான். பேருக்கு முன்னால் காலியாக இருக்கிற இடத்தில் ஏதாவது ஒன்று வந்து உட்காரத்தான் செய்யும்.

உட்கார வைப்பதில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. போலீஸ் ரவுடிகளை 'ஏ பிளஸ்', 'ஏ', 'பி', 'சி' என்று தரம் பிரித்து வைத்திருக்கிறது. கண்காணிப்புக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் செய்தித்தாள் அதை அப்படியே அச்சிடுகிறது. எங்க ஆபீஸ் அப்ரைசலில்கூட ரேட்டிங் ரகசியம். இவர்களுடையது பேப்பரில் வருகிறது. வரிசை குழம்பிக் கிடக்கிற ஒரு உலகத்தில், யார் யாருக்கு மேல் என்று அரசு முத்திரையோடு ஒரு பட்டியல் வந்தால் அதைக் கீழே இருப்பவன் எப்படிப் படிப்பான்?

*

சரி, சினிமாவுக்கு வருகிறேன். இத்தனை பார்வையாளர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு விஷயத்தை, பார்வையாளர்களை நம்பியே நடக்கிற ஒரு கலை எப்படிக் காட்டும்?

பெரும்பாலும் மறைத்துத்தான் காட்டுகிறது. நம் படங்களில் வெட்டுபவன் இருக்கிறான், வெட்டுப்படுபவன் இருக்கிறான். பார்ப்பவர்கள் பின்னணியில் மங்கலாக நிற்கிறார்கள். ஹீரோ திரும்பும்போது ஸ்லோ மோஷன், கீழிருந்து மேல் நோக்கும் கேமரா. அந்தக் கோணம் யாருடையது? ரன் அவுட் தகராறில் என் நண்பனுக்குப் பின்னால் நின்ற ஆறேழு பேருடைய கோணம். படம் நம்மை அந்த இடத்தில் நிற்க வைத்து, டிக்கெட் கொடுத்து, ஆனால் நாம் அங்கே இல்லவே இல்லை என்று பாவனை செய்கிறது. 'மெட்ராஸ்' (2014) இதிலிருந்து கொஞ்சம் விலகுகிறது. அதில் பா. ரஞ்சித் மனிதனுக்குப் பதிலாக ஒரு சுவரைப் பேராக வைத்தார். அந்தச் சுவரில் யார் முகம் என்பதற்காக இத்தனை உயிர்கள் போவதைப் பார்க்கும்போது, பேர் என்பது எவ்வளவு வெறுமையான பொருள் என்று கண்ணுக்குத் தெரிகிறது.

அதே வருஷம் வந்த 'ஜிகர்தண்டா'தான் கேமராவை முழுசாகத் திருப்பியது. அசால்ட் சேது தன்னைப் பற்றி எழுதிய பத்திரிகைக்காரனை எரித்துக் கொல்கிறவன். அப்படிப்பட்டவன் தன் கதையில் தானே ஹீரோவாக நடிக்கிறான், படம் காமெடியாக வெளியாகிறது, தியேட்டர் சிரிக்கிறது. கத்தியோ போலீஸோ செய்ய முடியாததை ஒரு தியேட்டர் சிரிப்பு செய்துமுடிக்கிறது. பயம் பார்ப்பவர்கள் கொடுத்தது. அவர்களே திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். பாபி சிம்ஹாவுக்கு தேசிய விருது கிடைத்ததில் ஆச்சரியமில்லை. ஒரு ஆளுக்குள்ளிருந்து பேர் வடிந்துபோவதை அவர் முகத்திலேயே பார்க்கலாம்.

2018இல் இரண்டாவது வீடியோவைப் பார்த்து நாம் சிரித்தபோது, கார்த்திக் சுப்புராஜ் நாலு வருஷம் முன்னால் எடுத்ததை வாழ்க்கை காப்பியடிக்கிறது என்று எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். 'ஜிகர்தண்டா' ஒரு விஷயத்தில் நம்மைச் சுலபமாக விட்டுவிடுகிறது. சேதுவுக்கு ஒரு பேர் போனதும் நடிகன் என்று இன்னொரு பேர் கிடைக்கிறது. ஒரு மேடையிலிருந்து அப்படியே இன்னொரு மேடைக்கு ஏறிவிடுகிறான். நிஜத்தில் அந்த இரண்டாவது மேடை கிடையாது. சிரிப்பால் பேர் இழந்தவனுக்கு முன்னால் இரண்டு வழிதான்: ஊரைவிட்டுப் போவது, அல்லது சிரித்தவர்களில் யாரையாவது வெட்டுவது. என் நண்பன் கேட்ட கேள்விக்கு அர்த்தம் அதுதான். நாம் சிரித்ததும் பார்வையாளர்களாகத்தான். பயந்து கைதட்டுவதும் எகத்தாளமாகச் சிரிப்பதும் ஒரே இருக்கையிலிருந்து செய்கிற வேலை. அந்த வருஷத்துக்குப் பிறகு பட்டாக்கத்தியால் கேக் வெட்டி மாட்டிக்கொண்ட பையன்களின் செய்தி எத்தனை படித்தோம்? கேலி செய்து நாம் பரப்பியதை அவர்கள் கேலியாகப் பார்க்கவில்லை.

*

போன வருஷம் ஊருக்குப் போனபோது நண்பனைப் பார்த்தேன். இப்போது லோடு வண்டி ஓட்டுகிறான். ரெட்ஹில்ஸ் ரோட்டில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, இந்தக் கட்டுரை எழுதப்போவதைச் சொன்னேன். 'வட சென்னை' பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்திருக்கிறான். நல்ல படம், ஆனால் ஒன்று தப்பு என்றான்.

"வெட்டப் போறவன் எதிர்ல இருக்கறவனையே மொறைச்சிப் பார்த்துட்டு இருப்பான் படத்துல. அப்படி இல்ல மச்சான். கை ஓங்கறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி பின்னாடி திரும்பிப் பார்ப்போம். நம்ம பசங்க நிக்கிறாங்களா, எவன் எவன் பாக்குறான்னு. யாருமே இல்லன்னா பாதி சம்பவம் நடக்காது."

கை வெட்டுப்பட்ட பிறகு நீ எப்படி இதிலிருந்து வெளியே வந்தாய் என்று கேட்டேன். திருந்தியதாக அவன் சொல்லவில்லை. மாமா ஒருத்தர் ஓசூரில் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். மூன்று வருஷம் அங்கே. "அங்க ஒருத்தன் என்னை அறைஞ்சான்டா. கேன்டீன் க்யூல. இங்க மாதிரியே பளார்னு. நான் தட்டை எடுத்துட்டு சாப்பிடப் போயிட்டேன். ஸ்டம்புன்னு அங்க யாருக்குத் தெரியும்?"

'பாட்ஷா'வில் மாணிக்கத்தைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கும் காட்சி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அந்தக் காட்சியில் அவன் பொறுமையை வீரத்தின் இன்னொரு வடிவமாகப் பார்த்தேன். இப்போது அது வேறாகத் தெரிந்தது. அந்தத் தெருவில் அவன் பேர் யாருக்கும் தெரியாது. அதனால் அடி வாங்கிக்கொள்ள முடிகிறது. நாம்தான் தியேட்டரில் உட்கார்ந்து, எப்போதடா திருப்பி அடிப்பாய் என்று துடித்துக்கொண்டிருந்தோம்.

இருபது வருஷமாகச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். "சும்மா விட்டுட்டு வர்றியேன்னு அன்னைக்கு க்ரவுண்டுல கேட்டது நான்தான்."

அவன் கொஞ்சம் யோசித்தான். மடங்காத விரல்களுக்கு இடையில் டீ கிளாஸைச் செருகிப் பிடித்திருந்தான்.

"நீயா? எனக்கு ஞாபகமே இல்ல" என்றான். "யாராச்சும் ஒருத்தன் கேட்டிருப்பான்டா. எப்பவும் யாராச்சும் ஒருத்தன் கேப்பான்."